மாமி வாய் திறக்கவில்லை

ஜூலை 2

ரோமெல் இன்று காலை கப்பலுக்குக் கிளம்பிவிட்டார். மறுபடி வர அடுத்த வருஷம் ஆகும். ஜீப் வளைவில் மறையும்வரை நின்று கையசைத்துவிட்டு உள்ளே வந்தேன். வீடு முழுக்க மழைச் சத்தம்தான்.

நேற்று மணப்பாட்டிலிருந்து அக்கா போன் செய்தாள். "ஏட்டி அமலி, ஷார்ஜாவுல பல்லாஸ்பத்திரில ஏசிக்குள்ள நின்னு வேல பாத்த. இப்பம் பிலிப்பைன்ஸ்ல ஏதோ காட்டுக்குள்ள போய்க் கெடக்கணும்னு ஒனக்கு என்ன தலையெழுத்து?" என்றாள். மாமிக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது, பார்த்துக்கொள்ள ஆளில்லை, அதனால்தான் வந்தேன் என்றேன். நாத்தனார் ஒருத்தி இருக்கிறாளே என்று கேட்டாள். லிலியா இருக்கிறாள். பஸ்ஸில் வந்தால் அரை நாள் பயணம். வருவதில்லை. ஏன் என்று ரோமெலும் சொன்னதில்லை.

அக்கா நினைப்பது போல இது காடு இல்லை. காபிஸ் மாகாணத்தில் ஓர் ஆற்றங்கரைக் கிராமம், கடலும் பக்கம்தான். உயரமான கால்களின் மேல் நிற்கும் மர வீடு. தரை மூங்கில் பிளாச்சு. இடுக்கு வழியாகப் பார்த்தால் கீழே சேறும் கோழிகளும் தெரியும். ஜன்னல்களில் கண்ணாடிக்குப் பதிலாக மெல்லிய சிப்பி ஓட்டைச் சதுரமாக வெட்டிப் பதித்திருக்கிறார்கள். வெயில் வந்தால் வீட்டுக்குள் வெளிச்சம் பால் மாதிரி இருக்கிறது.

மாமியின் பெயர் சொலேதாத். ரோமெல் கூப்பிடுவது போல நானும் 'நானாய்' என்று கூப்பிடுகிறேன். அம்மா என்று அர்த்தம். அவர் என்னை 'இந்தாய்' என்கிறார். மகளே என்பது போல. அவர்கள் பாஷையைக் கல்யாணமான நாளிலிருந்து ரோமெலிடம் கற்றேன். பேசத் திணறினாலும் கேட்டால் புரிகிறது. அதை இங்கே எழுதும்போது எப்படியோ மணப்பாட்டுப் பேச்சாகவே வருகிறது. வரட்டும்.

ஜூலை 5

மழை. துணி காயவில்லை. அடுப்புக்கு மேலே கொடி கட்டினேன். எல்லாத் துணியிலும் புகை வாசம்.

ஜூலை 9

இந்த வீட்டுக்கு யாரும் வருவதில்லை. நோயாளி இருக்கும் வீட்டுக்கு எங்கள் ஊரில் ஆரஞ்சுப் பழத்தோடு தெருவே வந்துவிடும். இங்கே அடுத்த வீட்டு நெனிட்டா, கடை வைத்திருப்பவள், அரிசியைக்கூட வேலிக்கு வெளியே வைத்துவிட்டுக் குரல் கொடுக்கிறாள். நல்ல மனுஷிதான். அங்கே சமைப்பதையா நீ சாப்பிடுகிறாய் என்று இன்று கேட்டாள். நான்தான் அங்கே சமைக்கிறேன் என்றேன். அவளுக்கு நிம்மதி வந்தது போலிருந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மாமியைக் குளிப்பாட்டி, முதுகில் தேங்காயெண்ணெய் தடவிவிட்டேன். படுக்கைப் புண் வராமல் பார்க்க வேண்டும். எலும்பும் தோலுமாக இருந்தாலும் மாமி நல்ல அழகி. தலை சீவிவிட்டால் வெட்கப்படுகிறார்.

ஜூலை 14

மாமி பல் விளக்க விடமாட்டேன் என்கிறார். எத்தனையோ பேர் வாயைப் பார்த்தவள் நான், எனக்கு அருவருப்பு கிடையாது என்று சொல்லிப் பார்த்தேன். உதட்டை விலக்கி முன்பல்லை மட்டும் காட்டினார். அதற்கு மேல் திறக்கவில்லை. கஞ்சியையும் ஸ்பூன் நுனி நுழையும் அளவுக்குத்தான் வாங்கிக்கொள்கிறார்.

தொண்டையில் ஏதோ கட்டி இருக்கிறதோ என்று பயம். கஞ்சி உள்ளே போவதற்கு முன்பே தொண்டை ஏறி இறங்குகிறது. பக்கவாதம் வந்தவர்களுக்கு விழுங்குவது சிரமம் என்று படித்திருக்கிறேன். அதுவாகத்தான் இருக்கும்.

ஜூலை 20

சாயங்காலம் மாமி மூக்கை உறிஞ்சி, "பலாப்பழம் யாரு கொண்டாந்தா?" என்று கேட்டார். வீட்டில் பலாப்பழம் இல்லை. அக்கம்பக்கத்திலும் இல்லை. இல்லை என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, ஸ்பூனை வைத்துவிட்டுத் தள்ளி உட்காரச் சொன்னார்.

என் மேல் ஏதும் நாற்றமோ என்று இன்னொரு தடவை குளித்தேன்.

கருவாடு வறுக்க முடியவில்லை, குமட்டியது. மணப்பாட்டில் பிறந்தவளுக்குக் கருவாடு குமட்டுகிறது என்று சொன்னால் அக்கா சிரிப்பாள்.

ஜூலை 23

எழுத ஒன்றுமில்லை. மூங்கில் கட்டிலில் மல்லாந்து படுத்து, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் எண்ணவில்லை.

ஜூலை 29

மாமி தன்னை வெளி அடுப்படிக்கு மாற்றச் சொல்கிறார். வீட்டுக்குப் பின்னால் தனியாக நிற்கும் கொட்டகை அது, கூரை ஒழுகும். மாட்டேன் என்றேன். அப்படியானால் நீ தூங்கும்போது என் அறைக் கதவை வெளியே தாழ் போடு என்றார். கிழவியை அடைத்துவைத்தாள் மருமகள் என்று ஊர் பேசாதா என்று கேட்டேன். "ஊரு பேசாது இந்தாய். ஒனக்கு நல்லதும்பாங்க" என்றார்.

தாழ் போடவில்லை.

அக்கா போன் செய்தாள். குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது, நாள் தள்ளிப்போயிருக்கிறதா என்று நேராகக் கேட்டுவிட்டாள். சளி என்றேன். ஷார்ஜாவில் நடந்ததற்குப் பிறகு நான் யாரிடமும் முதலில் சொல்வதில்லை. இந்த நோட்டிடமும்தான்.

ஆகஸ்ட் 4

நெனிட்டா கடையில் புளிப்பு மாங்காய் வாங்கினேன். நேற்றும் வாங்கினேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கடையை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் சொன்னதை இங்கே எழுதத்தான் வேண்டும். மாமி ஒரு அஸ்வாங்காம். பார்க்கப் பெண் மாதிரிதான் இருக்கும். ஆனால் நாயாக, பன்றியாக, பெரிய பறவையாக உருமாறும். ஈரல் தின்னும். எல்லாவற்றையும்விட அதற்குப் பிடித்தது வயிற்றுப் பிள்ளை. பிள்ளை உண்டானவள் அதன் மூக்குக்குப் பழுத்த பலாப்பழம் மாதிரி மணப்பாளாம். கர்ப்பிணி தூங்கும்போது கூரை ஓட்டையிலோ தரை இடுக்கிலோ நூல் மாதிரி நாக்கை விடும். காலையில் வயிறு காலியாக இருக்கும். நாக்குப் போன தடம்கூடத் தெரியாது. பக்கவாதம் வந்து படுத்த பிறகு ஊர் கொஞ்சம் மூச்சு விட்டதாம். நீ அங்கே இருக்காதே, உன் ஊருக்குப் போய்விடு என்றாள்.

எனக்கு வந்த கோபத்தில் மாங்காயைக் கல்லாப் பெட்டி மேல் வைத்துவிட்டுக் கிளம்பினேன். அவள் பின்னாலேயே ஓடிவந்து, காய்ந்த திருக்கை மீன் வால் ஒன்றை என் பையில் திணித்தாள். அஸ்வாங் அதற்கு மட்டும்தான் பயப்படுமாம்.

எங்கள் வீட்டிலும் அப்பா ஒரு திருக்கை வால் வைத்திருந்தார். அதில் ஒரு அடி வாங்கினால் சாகும்வரை தழும்பு போகாது என்று சொல்லிப் பயமுறுத்துவார். அடித்தது கிடையாது.

வாலை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மாமி பார்த்துவிட்டார். கோபம் இல்லை. "ஒன் தலமாட்டுல வச்சுக்க" என்றார். "கை எட்டுத தூரத்துல."

ஆகஸ்ட் 7

ரோஹாஸ் டவுனுக்குப் போய் ஸ்கேன் எடுத்தேன். ஆமாம்.

டாக்டர் நன்றாக இருக்கிறது என்றார். நன்றாக இருக்கிறது என்று முன்பும் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்து மாமியிடம் சொல்ல வாயெடுத்தேன். தெரியும் என்றார். முகத்தின் வலது பக்கம் மட்டும் அழுதது. இடது பக்கம் அசையாமல் கிடந்தது. நான் துடைக்கப் போனேன். கிட்டே வராதே என்று கையால் தடுத்தார்.

ஆகஸ்ட் 12

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அசந்துவிட்டேன். கூடத்துத் தரையில், பாயில். முழித்தபோது மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்தது. வீட்டில் அப்படி ஓர் அமைதி; கீழே கோழிகள்கூடச் சத்தமில்லை.

மூங்கில் இடுக்கு வழியாக என் இடுப்புக்குப் பக்கத்தில் ஏதோ ஈரமாகப் பட்டது. முதலில் கூரை ஒழுகுகிறது என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் கீழே ஒரு கறுப்பு நாய். பெரியது. மூக்கைப் பிளாச்சோடு ஒட்டிவைத்து மூச்சு வாங்கியது. நாக்கு இடுக்கில் நுழைந்து வெளியே வந்திருந்தது. நாய் நாக்கு அவ்வளவு மெல்லிதாக இருக்காது.

கைக்கெட்டும் தூரத்தில் திருக்கை வால் இருந்தது. எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. அந்த நாயின் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அழுதது. நாய் அழுவதை நான் பார்த்ததில்லை. பசித்த பிள்ளை தொண்டை வற்றி முனகுமே, அந்தச் சத்தம்.

"போங்க நானாய்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியாது. நாய் தன் முன்னங்காலைத் தானே கடித்தது. ரத்தம் வரும்வரை விடவில்லை. அப்புறம் இடது காலை இழுத்துக்கொண்டு வாழைகளுக்குள் போய்விட்டது.

எழுந்து மாமி அறைக்குப் போனேன். கட்டிலில் யாரும் இல்லை. அடுப்படிக்குப் போய் முகம் கழுவி, தண்ணீர் குடித்து, ஒரு 'மங்கள வார்த்தை' செபம் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். மாமி கட்டிலில் படுத்திருந்தார். உள்ளங்கையிலும் முழங்காலிலும் சேறு. வலது கை மணிக்கட்டில் பல் பதிந்த காயம்.

முதலிலும் படுக்கையில்தான் இருந்திருப்பார். தூக்கக் கலக்கத்தில் நான் சரியாகப் பார்க்கவில்லை.

சேற்றைத் துடைத்தேன். காயத்துக்கு மருந்து வைத்துக் கட்டினேன். 

இனிமேல் தரையில் படுக்கப்போவதில்லை. மேஜை மேல் மெத்தையை விரித்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 13

காலையில் கஞ்சி வேண்டாம் என்று சொல்லிவிட்டு மாமி பேசினார். பாதி வாயால், நிறுத்தி நிறுத்தி. இத்தனை நாளில் அவர் பேசியதெல்லாம் சேர்த்தாலும் இவ்வளவு வராது.

மாமி பிறக்கும்போது இப்படி இல்லை. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது அவருடைய மாமியார் படுத்த படுக்கையாகக் கிடந்தார். சாகவும் முடியாமல், பிழைக்கவும் முடியாமல். வீட்டில் பெண்கள் எல்லோரும் ஏதோ சாக்குச் சொல்லித் தள்ளி நின்றார்கள். புதுப்பெண் மட்டும் பக்கத்தில் இருந்தாள். அப்போது லிலியா வயிற்றில். ஒரு நாள் கிழவி ஏதோ முணுமுணுத்தாள். என்ன வேண்டும் என்று கேட்கக் குனிந்தாள் இவள். கிழவியின் வாயிலிருந்து ஒன்று தாவி இவள் வாய்க்குள் போனது. அந்த நிமிஷமே கிழவி செத்துப்போனாள், நிம்மதியாக.

"கோழிக்குஞ்சு மாதிரி, கறுப்பா" என்று மாமி தொண்டையைத் தொட்டுக் காட்டினார். "அதுக்குப் பசிக்கும். அதுக்குப் பசிச்சா எனக்குப் பசிக்கும். அது வெளிய போற வரைக்கும் எனக்குச் சாவு கெடையாது. வெளிய போகணும்னா இன்னொருத்தி வாய் வேணும்."

ஏன் யாரும் உங்களிடம் முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா நான் கிட்ட போயிருப்பேனா?"

யாரையாவது, என்று கேட்க ஆரம்பித்தேன். முடிக்கவில்லை. மாமி ஜன்னலைப் பார்த்தார். சந்தையில் பன்றி ஈரல் வாங்கிப் பச்சையாகத் தின்று காலத்தை ஓட்டினேன் என்றார். "கெடைக்காத நாளும் இருந்துச்சு" என்றார். 

பிறகு அவராகவே சொன்னார்: "ஒனக்கு முன்னாடி ரெண்டு வயித்துலயே போச்சுன்னு ரோமெல் சொன்னான். அது நான் இல்ல இந்தாய். அவ்வளவு கடலத் தாண்டி எனக்கு வர முடியாது."

நானும் அப்படி நினைக்கவில்லை என்றேன்.

நான் துணி அலச ஆற்றங்கரைக்குப் போய் ரொம்ப நேரம் இருந்தேன். துணி கொஞ்சம்தான்.

ஆகஸ்ட் 15

மாதா விண்ணேற்புத் திருநாள். கோயிலுக்குப் போகவில்லை. அக்கா, ஊருக்கு வந்துவிடு, டிக்கெட் போடுகிறோம் என்கிறாள். ரோமெலும் போனில் அதையே சொன்னார். பிள்ளை பற்றிச் சொன்னதும் முதலில் சிரித்தார், பிறகு அம்மா எந்த அறையில் படுக்கிறார் என்று கேட்டார். உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். எதைப் பற்றி என்று அவர் கேட்கவில்லை.

"எனக்கு அது அம்மா, அமலி" என்றார்.

அதற்கு மேல் என்ன சண்டை போடுவது? நீ போய்விடு, அம்மாவை லிலியா பார்க்கட்டும் என்றார். லிலியா பார்க்கமாட்டாள் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

பெட்டியை எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறேன். மாமிக்கு இருமல். அது சரியாகட்டும்.

ஆகஸ்ட் 19

விடிந்த கொஞ்ச நேரத்தில் ஆற்றுப் பக்கம் கூச்சல். படகுத்துறையில் ஒரு கறுப்பு நாயைப் பார்த்து யாரோ அரிவாளை வீசியிருக்கிறார்கள். தோளில் பட்டதாம். நாய் தண்ணீரில் விழுந்து அக்கரைப் பக்கமாக நீந்தியதாம். வீட்டை விட்டு விலகித்தான் போயிருக்கிறது. எங்கள் வேலியிலிருந்து நேராக ஆற்றுக்குத் தடம் இருந்தது, நான் பார்த்தேன்.

மாமி வெளி அடுப்படிக் கொட்டகையில் கிடந்தார், நனைந்து, அம்மணமாக. தோளில் எலும்பு தெரிந்தது. எப்படித் தூக்கி வந்தேன் என்று தெரியவில்லை. டாக்டர் தையல் போடும்போது பக்கத்தில் நின்று நூல் வெட்டியிருக்கிறேனே தவிர, நானாக ஊசி பிடித்ததில்லை. இன்று பிடித்தேன்.

எங்கே போனீர்கள் என்று கேட்டேன். "தூரமா" என்றார்.

நெனிட்டா வேலிக்கு வந்தாள். கிழவி எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள். கட்டிலிலிருந்து விழுந்துவிட்டார், தோளில் அடி என்றேன். அவள் நான் சொன்னதை நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து வேலிக்கு வெளியே ஒரு பொட்டலம் இருந்தது. பஞ்சும் காயத்துக்குத் தடவும் மருந்தும்.

ஆகஸ்ட் 24

காய்ச்சல் இறங்கவில்லை. டவுனிலிருந்து வந்த டாக்டர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு இன்று ராத்திரி தாண்டாது என்றார். லிலியாவுக்குப் போன் போட்டேன்.

ஆகஸ்ட் 26

தாண்டிவிட்டது. நேற்றும் தாண்டிவிட்டது. டாக்டருக்குப் புரியவில்லை.

ஆகஸ்ட் 27

லிலியா வந்தாள். ரோமெலின் ஜாடை, ஆனால் சிரிப்பு இல்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அம்மாவின் அறை வாசல்வரை வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாமி பக்கம் பார்க்காமல், கட்டில் காலைப் பார்த்தபடியே, எப்படி இருக்கிறாய் அம்மா என்று கேட்டாள்.

அடுப்படியில் என்னிடம் சொன்னாள், தனக்கு இரண்டு பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள், தன்னால் அதை வாங்க முடியாது என்று. நான் அவளை வாங்கச் சொல்லவில்லை. சொல்லாமலேயே திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். நீயும் கிட்டே போகாதே, அவள் எதையாவது முணுமுணுத்தால் குனியாதே என்றாள். 

மாமி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். துணி கொண்டுவந்து தன் வாயைக் கட்டச் சொன்னார்.

நான் முடியாது என்றேன். எங்கள் ஊரில் செத்தவர்களுக்குத்தான் நாடிக்கட்டு கட்டுவார்கள். மாமி என்னைப் பார்க்காமல் மகளைப் பார்த்து, "எனக்கு வலு இருக்கும்போதே கட்டு" என்றார். "அப்புறம் நான் கெஞ்சுவேன். நான் கெஞ்சுனா இவ குனிஞ்சிருவா. இவ அப்படிப்பட்டவ."

லிலியாதான் கட்டினாள். கண்ணை மூடிக்கொண்டு கட்டினாள்.

ஆகஸ்ட் 30

துணியின் ஓரத்தை நனைத்து உதட்டில் தடவுகிறேன். அவ்வளவுதான் உள்ளே போகிறது. காயத்தில் சீழ். இப்படி ஓர் உடம்பு எப்படி மூச்சு விடுகிறது? தொண்டை மட்டும் ஓயாமல் ஏறி இறங்குகிறது, கூண்டுக்குள் ஏதோ இடம் தேடுவது போல.

லிலியா வெளியே உட்கார்ந்து அரிசி புடைக்கிறாள். புடைத்த அரிசியையே மறுபடி புடைக்கிறாள்.

செப்டம்பர் 1

இன்றும்.

செப்டம்பர் 3

இன்று நான் குனியத் தயாராகத்தான் இருந்தேன். அதற்கு மேல் இங்கே எழுதமாட்டேன். வயிற்றில் கை வைத்துக்கொண்டு மாமி பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன், பிறகு வெளியே வந்துவிட்டேன்.

செப்டம்பர் 4

காலை வெளிச்சம் ஜன்னல் சிப்பிகளில் வந்த நேரம். லிலியா கிணற்றடியில் இருந்தாள். மாமி கண்ணால் துணியைக் காட்டினார். அவிழ்க்கச் சொல்கிறார் என்று புரிந்தது. அவிழ்த்தேன். உதடெல்லாம் வெடித்திருந்தது.

தண்ணீர் தரட்டுமா என்று கேட்டேன். தலையை அசைத்தார். நான் எவ்வளவு கிட்டே இருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அவர் மூச்சு என் கன்னத்தில் பட்டது. தொண்டையில் இருந்தது மேலே ஏறியது. தாடைக்குக் கீழே புடைப்பு தெரிந்தது. மாமியின் வாய் திறக்கப் பார்த்தது. உடம்பில் மிச்சமிருந்த எல்லாமே அந்த வாயைத் திறக்கத்தான் பார்த்தது. வலது கையால் என் சட்டையைப் பிடித்தார். இழுக்கப்போகிறார் என்று நினைத்தேன்.

தள்ளினார்.

"தள்ளி நில்லு இந்தாய்" என்றார், பல்லைத் திறக்காமல். பிறகு பல்லை இறுக்கிக் கடித்துக்கொண்டார். பல் உரசும் சத்தம் எனக்குப் பழக்கம்தான், ஆனால் அப்படிக் கேட்டதில்லை.

நான் தள்ளி நிற்கவில்லை. என் முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். நீங்கள் யாருக்கும் கொடுக்க வேண்டாம், நான் இங்கேயே இருக்கிறேன், நீங்கள் போங்கள் என்றேன். அவர்கள் பாஷையில் ஆரம்பித்து, பாதியில் தமிழுக்கு வந்துவிட்டேன். நல்ல மரணத்துக்கான செபம் தமிழில்தான் எனக்கு வரும். அதைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். கை என் கையை நொறுக்கிவிடுவது போல் இறுக்கியது. அப்புறம் விட்டது.

மூச்சு நின்றுவிட்டது. கண்ணாடியை மூக்கில் வைத்துப் பார்த்தேன். நாடி பார்த்தேன். மாமி போய்விட்டார். வாய் மூடியேதான் இருந்தது.

தொண்டையில் மட்டும் துடிப்பு நிற்கவில்லை. செத்த பிறகும் நரம்பு கொஞ்ச நேரம் துடிக்கும் என்று ஒரு டாக்டர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்படித்தான் இருக்கும். ஆனால் அது பயந்து துடித்தது. சின்னதாக, வேகமாக, போக இடமில்லாமல். இவ்வளவு காலமும் இத்தனை பேரைப் படுத்தியது இதுதானா என்று எனக்கு ஆத்திரம் வர வேண்டும். வரவில்லை.

உள்ளங்கையை அதன் மேல் வைத்தேன். தூங்காத பிள்ளையின் நெஞ்சில் கை வைப்போமே, அந்த மாதிரி. தட்டிக்கொடுத்தேன். வேகம் குறைந்தது. விட்டு விட்டுத் துடித்தது. பிறகு இல்லை.

அதற்குப் பிறகுதான் லிலியாவைக் கூப்பிட்டேன்.

செப்டம்பர் 5

ரோமெல் சிங்கப்பூரில் இறங்கி விமானம் ஏறுகிறார்.

சவப்பெட்டி கூடத்தில் இருக்கிறது. மெழுகுவர்த்தி, பூ எல்லாம் நெனிட்டா கொடுத்தாள். இறந்த வீட்டில் இங்கே வருகிறவர்களுக்கெல்லாம் காப்பியும் ரொட்டியும் கொடுப்பார்கள். வருவார்களா என்று தெரியாமல் அண்டா நிறையத் தண்ணீர் வைத்தேன்.

இஞ்சி தட்டிக்கொண்டிருந்தபோது லிலியா வந்து என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். ஜன்னலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். கண்ணை இமைக்காதே என்றாள். என் இடது கண்ணுக்குள் பார்த்தாள், வலது கண்ணுக்குள் பார்த்தாள், மறுபடி இடதில். அவள் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது.

"நேராத்தான் இருக்கேன்" என்றாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அஸ்வாங் கண்ணில் பார்த்தால் நம் உருவம் தலைகீழாகத் தெரியுமாம். இந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் இது தெரியும். அது எனக்குள் வந்துவிட்டதா என்று பார்த்திருக்கிறாள். வரவில்லை, அது அம்மாவோடு போய்விட்டது என்று சொன்னேன். லிலியா தலையை ஆட்டினாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"சின்னப் பிள்ளையிலேருந்து நான் அம்மா கண்ணப் பாத்ததே இல்ல" என்றாள். "பள்ளிக்கூடம் போவும்போது முத்தம் கேக்கும். கண்ண மூடிட்டுத்தான் குடுப்பேன். ஒரு நாளாவது பாத்திருக்கலாம். பாத்துத் தெரிஞ்சிருக்கலாம்."

கொஞ்ச நேரம் இஞ்சித் தோலைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"நீ தெனமும் சோறு ஊட்டினே. கிட்ட இருந்து பாத்திருப்பே. அம்மா கண்ணுல நீ எப்படித் தெரிஞ்சே?"

மாமிக்குத் தேன் நிறக் கண். வந்த முதல் நாளே, கஞ்சி ஊட்டும்போது, அதில் என்னைப் பார்த்தேன், ஸ்பூன் குழியில் தெரிவது போல. அதற்குப் பிறகும் தினமும் பார்த்தேன். பழகிவிட்டது.

"நேராத்தான் தெரிஞ்சேன் மனாங்" என்றேன். அக்கா என்று அவளை நான் கூப்பிட்டது அப்போதுதான். "நல்லா, நேரா."

லிலியா எழுந்து பெட்டிப் பக்கம் போனாள். அம்மாவின் முகத்துக்கு மிகக் கிட்டே குனிந்தாள். அவள் அழும் சத்தம் கேட்கத் தொடங்கியதும் நான் அடுப்படிக்கு வந்து காப்பித் தூளைத் தேடினேன்.